கடிதம் வாசித்தவர்களும் போன் பார்த்துக் கொடுப்பவர்களும்

‘தம்பி, இத கொஞ்சம் பாத்து குடுங்களேன்.’

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வளர்ந்த யாருக்கும் இந்த வார்த்தை பழக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். ரீலோட் கடையில் கேட்பார்கள். வீட்டில் அம்மாயி கேட்பார். நாமும் போனை வாங்கி நாலு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். அரை நிமிட வேலை. கேட்டவருக்கு என்ன விளங்கியது? ஒன்றுமே இல்லை. அடுத்த கிழமை அதே போன், அதே கேள்வி. உடனே நமக்கு அலுப்பு வந்துவிடும்: ‘வயசானவங்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது.’

உண்மையிலேயே ஏறாதா? நம் பாட்டி தாத்தாக்கள் இதுவரை எதை எதையெல்லாம் பழகி வந்திருக்கிறார்கள் என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

இன்னொருவர் கண்ணால் வாசித்த காலம்

மலையகத்தில் இன்று எழுபதைத் தொட்டவர்கள் 1950களில் பிறந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியிருந்த காலம் அது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. பல இடங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். பொம்பிளைப் பிள்ளைகள் பலர் அந்த ஐந்தாம் வகுப்பையும் எட்டவில்லை. தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டார்கள். பிறகு கொழுந்து மலைக்குப் போனார்கள். பேங்கிலும் கச்சேரியிலும் இன்றைக்கும் அவர்களுக்குக் ‘கைநாட்டு’ என்றுதான் பெயர்.

1964இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் குடும்பங்கள் துண்டுபட்டன. அண்ணன் நீலகிரியில், தங்கச்சி மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் என்று ஆனது. இரண்டு பேருக்கும் நடுவில் மிஞ்சியது கடிதம் மட்டும்.

அந்தக் கடிதமும் நேராக வீட்டுக்கு வராது. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்துதான் லயத்துக்கு வரும். வந்த பிறகு வாத்தியாரையோ, கணக்கப்பிள்ளையையோ, பள்ளிக்கூடம் போகிற பக்கத்து வீட்டுப் பையனையோ தேடிப் பிடித்து வாசிக்கச் சொல்ல வேண்டும். பதில் எழுதவும் ஆள் வேண்டும்.

வாசித்துக் கொடுத்தவர்கள் செய்தது உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக் கடன், மகளுக்கு வந்த சம்பந்தம், அண்ணன் தம்பிச் சண்டை எல்லாம் முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். எழுதச் சொல்லும்போதும் எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துத்தான் வாயைத் திறக்க முடியும். சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

கெசட்டில் வந்த குரல்

1980களில் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகும் பெண்கள் கூடினார்கள். அவர்களோடு இன்னொரு பழக்கமும் வந்தது: கெசட்டில் பேசி அனுப்புவது. அங்கே மகள் பேசிப் பதிவு செய்வாள், ஊருக்கு வரும் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், இங்கே அம்மா போட்டுக் கேட்பார். பதிலுக்கு அம்மாவும் பேசி அனுப்புவார். பதிவு செய்ய இரண்டு பட்டனை ஒன்றாக அமுக்க வேண்டும், எந்தப் பக்கம் முடிந்தது என்று பார்க்க வேண்டும், பழைய குரல் மேல் புதுக்குரல் விழாமல் கவனமாக இருக்க வேண்டும். எழுத்துத் தெரியாத தாய்மார் இத்தனையையும் பழகினார்கள். காரணம், முதல்தடவையாக நடுவில் ஆள் இல்லாமல் மகளோடு பேச ஒரு வழி கிடைத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு அழுதுகொண்டே கூடப் பேசலாம்.

பிறகு ‘கொமியூனிகேஷன்’ கடைகள் வந்தன. செல்டெல் 1989இலேயே இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருந்தாலும் அது அப்போது பணக்காரர் சாமான். மற்றவர்கள் கடையில் வரிசையில் நின்று, ஓடுகிற நிமிடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். 2005க்குப் பிறகு அன்டெனா வைத்த சிடிஎம்ஏ போன் மலைநாட்டு வீடுகளுக்கும் வந்தது. பட்டன் போன் வந்தது. ஒரு மிஸ்ட் கோல் என்றால் ‘வந்து சேர்ந்துட்டேன்’, இரண்டு என்றால் ‘நீ எடு’ என்று வீட்டுக்கு வீடு ஒரு மொழியே உருவானது. அதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொத்மலையில் நடந்தது

இன்டர்நெட்டும் நம் பக்கத்துக்குக் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் வந்தது. கம்பளைக்கு அப்பால் கொத்மலையில் 1989இல் ஒரு சமூக வானொலி ஆரம்பமானது. 1998இல் யுனெஸ்கோவின் உதவியோடு அந்த வானொலிக்கு இன்டர்நெட் இணைப்புக் கிடைத்தது. கேட்பவர்கள் தங்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இன்டர்நெட்டில் தேடி, உள்ளூர் மொழியில் விளக்கி ஒலிபரப்புவார்கள். கம்ப்யூட்டரைக் கண்ணால் காணாதவர்களுக்கும் பதில் கிடைத்தது. உலகத்தில் பல நாடுகள் இதை முன்மாதிரியாகப் பார்த்தன.

எங்களுக்கு அதில் பிடித்தது இன்னொரு பகுதி. தேடிச் சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. வானொலி நிலையத்திலும், கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் சனங்கள் தாங்களே வந்து உட்கார்ந்து பழகுவதற்குக் கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். ‘உனக்காக நான் பார்க்கிறேன்’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘வா, நீயே பார்’ என்பதும் இருந்தது. 2005இல் இருந்து நாடெங்கும் திறக்கப்பட்ட நெனசல நிலையங்களும் இதே எண்ணத்தில் வந்தவைதான்.

இப்போது நம் கையில்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பேரப்பிள்ளையின் பாடம் ஸ்மார்ட்போனுக்குள் வந்தது. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, ஆயுசு முழுக்க த்ரீவீல் ஓட்டியவர்கள் பெட்ரோல் செட்டுக்குப் போவதற்கு முன் யாராவது பையனைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வாகன இலக்கம், செசி இலக்கம், ஐ.சி. இலக்கம் எல்லாம் அந்தப் பையன் கையில். கவனித்துப் பாருங்கள், கடிதம் வாசிக்க ஆள் தேடிய காலம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை வாசிக்கிறவர்கள் நாம்.

அந்தக் கடிதத்தில் குடும்ப விஷயம் மட்டும்தான் இருந்தது. இந்தப் போனில் பேங்க் கணக்கு, மருந்துச் சிட்டை, மகளோடு பேசியது, ஓடிபி எல்லாம் இருக்கிறது. நாம் நல்ல பிள்ளைகளாகவே இருக்கலாம். ஆனால் ‘என் போனை யாரிடமும் கொடுத்தால்தான் வேலை நடக்கும்’ என்று ஒருவருக்குப் பழக்கிவிட்டால், நாளைக்கு ‘ஓடிபியைச் சொல்லுங்க அம்மா’ என்று கேட்கும் மோசடிக்காரனுக்கும் அவர் அதே நம்பிக்கையோடுதான் சொல்வார்.

அதனால் நாங்கள் சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். போன் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும், நம் விரல் திரையில் படக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். அதுவும் அவர்களுக்குத் தேவையான வேலை. பெரும்பாலும் அது வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவதாக இருக்கும். 2013இல் வந்த அந்த வசதி, கெசட்டில் பேசி அனுப்பியவர்களுக்குப் புதுசே இல்லை. ‘கெசட் மாதிரிதான் அம்மாயி, அமுக்கிப் பிடிச்சுப் பேசுங்க’ என்றால் போதும். விரல் வழுக்கினால் வழுக்கட்டும். வயதான தோல் காய்ந்திருக்கும், திரை சில நேரம் எடுக்காது. அது அவர்களுடைய குறை அல்ல. எழுத்தைப் பெரிதாக்கி வைக்கலாம். தமிழுக்கு மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், ஏனென்றால் ‘அமைப்புகள்’ என்ற சொல்லைவிட அந்தப் பல்சக்கரப் படம் சிலருக்குச் சீக்கிரம் பிடிபடும். பின் நம்பர் போடும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டே திரும்ப வேண்டும். ‘இத யாருக்கும், எனக்கும் காட்டாதீங்க.’

அரை நிமிட வேலை இப்படிச் செய்தால் அரை மணித்தியாலம் ஆகும். ஆகட்டும். கைநாட்டு என்று பெயர் வாங்கியவர்களின் அதே பெருவிரல் இன்றைக்கு ஒரு போனைத் திறக்கிறது. உள்ளே இருப்பதை அவர்களே பார்க்கட்டும். நம்மைக் கூப்பிடாத ஒரு நாள் வந்தால், நாம் சொல்லிக் கொடுத்தது சரியாகத்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.