கல்லீரல் நோயாளிக்கு இரத்தம்: எப்போது, எவ்வளவு?

"அத்தா இரத்த வாந்தி எடுத்துவிட்டார், ஐந்து யூனிட் வேண்டும்" என்று ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் நோயாளிக்குக் கல்லீரல் சுருக்கம் இருந்து, மருத்துவர் ஒரு யூனிட் ஏற்றிவிட்டு "இப்போதைக்குப் போதும்" என்றால் குடும்பத்தார் பதறுகிறார்கள். ஏழை என்பதால் கவனிக்கவில்லையோ என்ற சந்தேகமும் வருகிறது. இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்போது, குடலிலிருந்து அதற்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. வழி அடைபட்ட இரத்தம் உணவுக்குழாயின் சிறு நாளங்கள் வழியே போகப் பார்க்கிறது. அவை புடைத்து, ஒருநாள் வெடிக்கின்றன. அந்த நிலையில் தேவைக்கு மேல் இரத்தம் ஏற்றினால் அழுத்தம் மறுபடி கூடி, நின்ற கசிவு மீண்டும் தொடங்கலாம்.

ஸ்பெயினின் பார்சிலோனாவில், இரைப்பை, உணவுக்குழாய்ப் பகுதியில் கசிவு ஏற்பட்ட 921 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால்தான் இரத்தம். மறு பிரிவினருக்கு 9க்குக் கீழே இறங்கியதுமே இரத்தம். ஆறு வாரம் கழித்து முதல் பிரிவில் 95 சதவீதம் பேர் உயிரோடிருந்தனர். மற்றதில் 91 சதவீதம். கல்லீரல் சுருக்கம் மிக முற்றியவர்களிடம் மட்டும் இந்த வித்தியாசம் தெரியவில்லை. இன்று மருத்துவர்கள் 7 முதல் 8 வரை வைத்திருந்தால் போதும் என்கிறார்கள். இதய நோய் உள்ளவருக்கும், இரத்தம் கொட்டிக்கொண்டே இருப்பவருக்கும் கணக்கு வேறு.

ஐஎன்ஆர் சோதனை இன்னொரு குழப்பம். அறிக்கையில் அது 2 என்று இருந்தால் "பிளாஸ்மா ஏற்றுங்கள்" என்று கேட்கிறோம். இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களையும், உறையாமல் தடுப்பவற்றையும் கல்லீரலே தயாரிக்கிறது. நோயில் இரண்டுமே குறைகின்றன. ஐஎன்ஆர் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். அந்த எண்ணுக்காகவே பிளாஸ்மா ஏற்றினால் அழுத்தம்தான் கூடும்.

உண்மையில் அவசரம் எண்டோஸ்கோப்பிதான். அதன் மூலம் புடைத்த நாளத்துக்கு ரப்பர் வளையம் போடுவார்கள். அதை 12 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. அதற்கு முன்பே அழுத்தம் குறைக்கும் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் தொடங்க வேண்டும். ஆகவே இரத்தம் தேடி அலைவதற்கு முன், "இங்கே எண்டோஸ்கோப்பி வசதி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். பழைய அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் காமாலை, ஹெபடைட்டிஸ் பி, குடிப்பழக்கம், எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். வெட்கப்படும் நேரம் அதுவல்ல.

மார்க்கத்தில் கூடுமா என்றும் கேட்கிறார்கள். இரத்தத்தைத் தடுக்கும் அல்பகரா 173ஆம் வசனமே நிர்ப்பந்தத்துக்கு ஆளானவருக்கு விலக்கும் தருகிறது. அந்த விலக்கு தேவையின் அளவுக்கே என்பது ஃபிக்ஹ் விதி. மருத்துவர் சொல்லும் அளவும் அதுவே. தானமாகக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. இந்தியச் சட்டத்திலும் 1998 முதல் காசுக்கு இரத்தம் கொடுப்பது தடை.

இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருபவரிடம் இரத்தம் எடுக்கக் கூடாது என்பதும் விதிதான். ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் காத்திருக்க வேண்டும். எனவே மருத்துவர் கேட்ட எண்ணிக்கைக்கு மட்டும், நன்றாகத் தூங்கி எழுந்தவர்களை அனுப்புங்கள். மற்றவர்களின் பெயரும் இரத்த வகையும் மஹல்லா பட்டியலில் அடுத்தவருக்காக இருக்கட்டும்.