நமக்கு ஏன் சர்நேம் இல்ல? செங்கல்பட்டுல நடந்த ஒரு கதை

1/ போன வாரம் ஓ.பி.ல நடந்தது. நர்ஸ் "செல்வம்... செல்வம்..."னு நாலு தடவை கூப்பிட்டாங்க. யாரும் எழுந்திருக்கல. அப்புறம் ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தார். "செல்வம் எங்கப்பா சார். அவர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் பேரு கார்த்திக்."

2/ நர்ஸ் மேல தப்பில்ல. கம்ப்யூட்டர்ல 'லாஸ்ட் நேம்'னு ஒரு கட்டம் காலியா விட முடியாது. எஸ்.கார்த்திக் அதுல அப்பா பேரைத்தான் போடணும். தாத்தா முருகன், அப்பா எம்.செல்வம், பையன் எஸ்.கார்த்திக். ஒரே குடும்பம், தலைமுறைக்குத் தலைமுறை மாறுற 'சர்நேம்'!

3/ உலகத்துல நாம மட்டும்தான் இப்படியா? இல்ல. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்துல டச்சுக் கோட்டை இருக்கு, பாத்திருப்பீங்க. அந்த டச்சுக்காரங்க ஊர்லயும் யான் மகன் பீட்டர்னா 'பீட்டர் யான்சோன்'தான். 1811-ல நெப்போலியன் ஆணை போட்ட பிறகுதான் எல்லாரும் நிரந்தரக் குடும்பப் பெயர் பதியணும்னு ஆச்சு.

4/ "முதலியார், நாயக்கர் எல்லாம் சர்நேம்தானே டாக்டர்?"னு கேப்பீங்க. அது குடும்பப் பெயர் இல்ல, சாதிப் பட்டம். அதுவும் குழப்பமான பட்டம். தொண்டைமண்டல வேளாளரும் முதலியார், செங்குந்தரும் முதலியார். செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர்னா பெரும்பாலும் வன்னியர், ஈரோட்டு ஈ.வெ.ரா. குடும்பமோ பலிஜா நாயக்கர். பட்டத்தை வெச்சு தலைக்கணக்கு எடுத்தா தப்பாத்தான் வரும்.

5/ இப்போ முக்கியமான இடம். 1927 கடைசியில ஈ.வெ.ரா. தன் 'குடிஅரசு' இதழ்லயே பேருக்குப் பின்னாடி இருந்த நாயக்கரை எடுத்தார். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகள்ல செங்கல்பட்டுல முதல் மாகாண சுயமரியாதை மாநாடு. தலைமை பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன். பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்ட அதே மாநாட்டுல, பேரோட இருக்கிற சாதிப் பட்டத்தை விடணும்னும் தீர்மானம் போட்டாங்க.

6/ இனிஷியல் அதுக்கு முன்னாடியே இருந்தது. இவங்க வெட்டினது பின்னாடி இருந்த வாலை. வால் போச்சு, தலைப்பெழுத்து நின்னுச்சு. அதுதான் இன்னைக்கு நம்ம பேரு.

7/ இதுக்கு நாம கொடுக்கிற விலை? அமெரிக்க விசால பாஸ்போர்ட்டுல ஒரே பேரு இருந்தா 'முதல் பெயர் தெரியாது'ங்கிற அர்த்தத்துல எஃப்.என்.யூ.னு அச்சடிப்பாங்க. 2022 நவம்பர்ல அமீரகம் ஒற்றைப் பேரோட வர்ற சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை போட்டு, அப்புறம் பாஸ்போர்ட்டுல அப்பா பேரு இருந்தா போதும்னு தளர்த்துச்சு.

8/ கிடைச்சது? என் மேஜைக்கு வர்ற சீட்டுல 'எஸ்.கார்த்திக், வயது 29, காய்ச்சல்'னு மட்டும்தான் இருக்கு. அவர் என்ன ஆளுங்கன்னு அந்தச் சீட்டு எனக்குச் சொல்லல. பேரை மாத்தினதால சாதி ஒழிஞ்சிடல, அது எனக்கும் தெரியும். ஆனா முதல் பார்வையிலேயே ஆளை எடைபோடுற ஒரு வழி அடைபட்டுச்சு. சின்ன விஷயமா அது?

9/ கடைசியா டாக்டரா ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரில பேரோட பிறந்த தேதியையும் சேர்த்தே சொல்லுங்க. ஒரே நாள்ல லேப்ல ரெண்டு எஸ்.கார்த்திக் வரலாம், ரத்தம் மாறக்கூடாது. ஃபாரம்ல சர்நேம் கேட்டா கூச்சப்படாதீங்க. "எங்களுக்கு இனிஷியல்தாங்க"ன்னு நிமிர்ந்து சொல்லுங்க. 🙏