வேகத்திற்கு ஒரு வேலி

மழை பெய்தால் குழைந்து சக்கரத்தைப் பற்றிக்கொள்வதும், வெயில் ஏறினால் பாளம் பாளமாய் வெடிப்பதும் கரிசல் மண்ணின் இயல்பு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மண்பாதைகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டி ஓட்டுவோர் இதனை நன்கு அறிவர். சேற்றில் சிக்கிய வண்டியின் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று மேலும் புதையும். தேர்ந்த ஓட்டுநரோ இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட்டு, எந்திரத்தின் பலத்தைச் சிறிது சிறிதாகச் சக்கரத்திற்குக் கொடுப்பார். வண்டி ஊர்ந்து கரையேறிவிடும். பலம் இருப்பது ஒன்று, அதனை அளந்து கொடுக்கத் தெரிவது வேறொன்று. கியரின் வரலாறு முழுவதும் இந்த அளவறிதலின் வரலாறே.

மாடு நின்ற நிலையிலிருந்தே தன் முழுப் பலத்தையும் நுகத்தில் காட்டும். பெட்ரோல் எந்திரத்தால் அது இயலாது. ஓரளவு விரைந்து சுழன்றால்தான் அதற்குப் பலம் பிறக்கும். எனவே சுழலும் எந்திரத்தையும் நிற்கும் சக்கரத்தையும் இணைக்கவும் பிரிக்கவும் கிளட்ச் தேவையாயிற்று. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டவும், இழுவையைக் குறைத்து வேகத்தைக் கூட்டவும் பற்சக்கரங்கள் தேவையாயின. பிரான்சு நாட்டில் பனார் - லெவாசோர் நிறுவனத்தார் 1891-ஆம் ஆண்டில் முன்புறம் எந்திரம், அதன்பின் கிளட்ச், அடுத்துக் கியர்ப்பெட்டி என்னும் அமைப்பை வகுத்தனர். பின்னர் உலகெங்கும் கார்கள் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் இவ்வொழுங்கையே பின்பற்றின.

தொடக்க காலத்தில் கியர் மாற்றுவது எளிதன்று. பற்சக்கரங்களின் வேகம் ஒத்துவராவிடில் அவை கரகரவென்று உராயும். பல் உடைதலும் உண்டு. ஆகவே ஓட்டுநர் கிளட்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளட்சை விட்டு, எந்திரத்தைச் சற்று உறுமவிட்டு, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியருக்கு மாற்றுவார். நம் லாரி ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' என்று சொல்வது இதனையே. கண் சாலையைப் பார்க்க, கால் மிதிக்க, கை மாற்ற, காது எந்திரத்தின் குரலைக் கேட்க வேண்டும். 1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் அமைப்பைக் கார்களில் புகுத்திய பிறகே இப்பயிற்சியின் கடுமை தணிந்தது.

தமிழகத்தில் இக்கலையை முதலில் பரப்பியவை பேருந்துகள். 1910-களில் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்துத் தொழிலில் இறங்கினார். 1920-இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். பின்னாளில் அம்பாசடர், ஃபியட் கார்களின் ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டியிருந்த கியரில் ஒரு தலைமுறையே பழகியது. 1983-இன் இறுதியில் வந்த மாருதி 800, தரையிலிருந்து எழும் சிறு கியர்க் கம்பியையும் இலேசான உடலையும் கொண்டு நடுத்தரக் குடும்பத்து இளைஞருக்கு ஓட்டும் இன்பத்தை அறிமுகம் செய்தது.

இந்த இன்பத்தைப் பந்தயமாக நடத்தியோர் அதற்கு முன்பே இருந்தனர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தி வந்தது. மக்கள் திரள் திரளாய்ச் சென்று கண்டனர். ஆயினும் அது விமானத்திற்கென அமைந்த தளம், பந்தயத்திற்கென அமைந்ததன்று. எனவே திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென ஒரு களம் அமைத்தது. 1990-இல் அது பயன்பாட்டிற்கு வந்தது. வேகத்தை மிக விரும்பியவர்களே அதற்கு வேலியும் கட்டினர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

அவ்வேகத்தை எளியோர்க்கும் எட்டச் செய்தவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் பெருஞ்செல்வர்க்கே கிட்டிய காலத்தில், மாருதி 800-இன் எந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்பது அவற்றின் பெயர். பருத்தி ஆலைகளும், அவற்றுக்கு எந்திரம் செய்த வார்ப்படச் சாலைகளும் பட்டறைகளும் கோவையில் நிறைந்திருந்ததால் இம்முயற்சிக்குத் தேர்ந்த கைகள் கிடைத்தன. கோவில்பட்டியும் கரிசல் பருத்தியால் ஆலை கண்ட ஊரே. கரிவரதன் 1995-இல் வானூர்தி விபத்தொன்றில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தச் சிறு கார்களில் தொடக்கப் பயிற்சி பெற்ற கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-ஆம் ஆண்டு மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். அதே ஆண்டு சூன் மாதம் இண்டியானாபொலிசில் நான்காவதாக வந்தார். அன்று டயர்களின் பாதுகாப்பில் ஐயம் எழவே, மிஷலின் டயர் பூட்டிய 14 கார்கள் விலகிக்கொண்டன. ஆறு கார்களே ஓடின. உலகம் காத்திருக்கும் பந்தயத்திலும், ஆபத்து என்று தெரிந்தபின் ஓடாமல் நிற்கத் துணிந்த அந்த முடிவும் இவ்வரலாற்றின் ஒரு பாடமே.

இனி நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். வாரணாசி - கன்னியாகுமரி நெடுஞ்சாலையாக இருந்து, இன்று 44 என எண்ணிடப்பட்ட நான்கு வழிச் சாலை கோவில்பட்டியைத் தொட்டுச் செல்கிறது. மேடு பள்ளமற்ற கரிசல் வெளியில் அது நேராக நீள்கிறது. கால் தானாக அழுத்துகிறது. பந்தயக் களத்தில் எல்லாக் கார்களும் ஒரே திசையில் ஓடும்; ஓட்டுநர் தலைக்கவசம் அணிவார்; மருத்துவ ஊர்தி காத்து நிற்கும். நெடுஞ்சாலையிலோ ஆட்டுக்கிடை குறுக்கிடும். தீப்பெட்டி ஆலைக்கு விடியலில் செல்லும் பெண்கள் கடப்பர். எதிர்த்திசையில் ஒரு டிராக்டர் விளக்கின்றி வரும். அங்கே பந்தயம் ஓட்டிய இளைஞர்களின் பெற்றோரோடு கல்லறைத் தோட்டத்தில் நின்ற பங்குகள் பல. அப்போது நம்மிடம் ஆறுதல் மொழி போதுவதில்லை.

மகிழ்ச்சியைத் தடை செய்வது நம் கருத்தன்று. விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு, அளவோடு ஆடி மகிழ்வது அறமே என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்வினாஸ் கற்பித்தார். 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பணிக்கான வழிகாட்டி ஏடு, ஓட்டுநர்க்கெனப் பத்துக் கட்டளைகளைத் தொகுத்தது. கொலை செய்யாதே என்பதே அவற்றுள் முதலாவது. கார், பிறரை அடக்கும் அதிகாரத்தின் சின்னமாகிவிடலாகாது என்றும் அது எச்சரித்தது. நாட்டின் சட்டமும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கடுமையாயிற்று. உரிய வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க அது இடம் தருகிறது. பிள்ளையின் பிடிவாதத்திற்கு இரங்கிச் சாவியைக் கொடுக்கும் தந்தையர் இதனை நினைவிற் கொள்ளட்டும்.

கியர் மெல்ல மறைந்து வருகிறது. 1989-இல் ஃபெராரி நிறுவனம் ஸ்டீயரிங்கின் பின்னிருந்தே கியர் மாற்றும் முறையைப் பந்தயத்தில் கொணர்ந்து வென்றது. மின்சாரக் கார்களில் கிளட்சே இல்லை. மிதித்த உடனே முழு இழுவையும் தரும் இக்கார்களில் ஓட்டுநருக்கு எந்திரத்தின் உறுமல் எச்சரிக்கை தருவதில்லை. ஆதலால் முன்பு கியர் கற்றுக்கொடுத்த அளவை இனி நாமே கற்றுக்கொடுக்க வேண்டியுள்ளது. ஓட்டுநர் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பம், உரிமம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று மட்டும் கேளாதிருக்கட்டும். வேகத்தைக் குறைக்கவும், ஈரச் சாலையில் நிறுத்தவும், இரவில் பிறருக்கு வழிவிடவும் கற்பிக்கிறார்களா என்று கேட்கட்டும். கோவைக்கோ திருப்பெரும்புதூருக்கோ சென்று களத்தில் ஓட்ட விரும்பும் பிள்ளை இருந்தால், வாழ்த்தி அனுப்பட்டும். வேகத்திற்கு அங்கே இடம் உண்டு. நம் வீட்டு வாசலில் இல்லை.