பெரட்டு மணியும் ஜெர்மன் கடிகாரமும்

ஜெர்மனியின் கருங்காட்டு மலைகளில் பனிக்காலத்தில் உழவு வேலை நடக்காது. வீட்டில் முடங்கிய குடியானவர்கள் மரத்தில் கடிகாரம் செய்து விற்றார்கள். 1861-இல் எர்ஹார்ட் யுங்ஹான்ஸ், ஷ்ராம்பெர்க் ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். உதிரி பாகங்களை ஒரே அளவில் இயந்திரத்தில் செய்யும் முறை அங்கே வேரூன்றியது. 1903-இல் 3,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்த அது, உலகின் மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலையாக இருந்தது. செல்வந்தர் வீட்டுப் பொருள் சாமானியர் சுவருக்கும் வந்தது.

ஆனால் நேரம் எல்லாருக்கும் சொந்தமானதா?

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் கடிகாரம் ஆபீசில் இருந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு விடியற்காலைப் பெரட்டுதான் நேரம். அங்கே பெயர் பதிந்தால்தான் கூலி. ஆலையிலோ இலைக்கும் நேரக் கணக்கு உண்டு. வாட்டி, உருட்டி, நொதிக்க விட்ட இலையை உரிய நேரத்தில் சூட்டில் உலர்த்தாவிட்டால் சுவை கெட்டுவிடும்.

இலைக்குக் காட்டிய அந்தக் கவனம் மனிதனுக்குக் கிடைக்கச் சட்டம் வேண்டியிருந்தது. மலேசியாவின் 1955 வேலைச் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி என்று வரையறுக்கிறது. வாரத்துக்கு 48 மணி என்றிருந்த உச்சவரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45 ஆனது.

கடிகார முள் உழைப்பை அளந்தால் மட்டும் போதாது. ஓய்வையும் அளக்க வேண்டும். பெரட்டுக்கு ஓடிய தலைமுறை விட்டுச் சென்ற பாடம் அதுதான்.