டர்ன்டேபிள் வேகச் சோதனை

இசைத்தட்டைத் தாங்கும் டர்ன்டேபிள், நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றவேண்டுமோ அத்தனைதான் சுற்றுகிறதா என்று பார்ப்பது வேகச் சோதனை. 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்.பி. தட்டுக்கு 33⅓ சுற்று. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் வெளியிட்ட சிறிய தட்டுக்கு 45. பழைய அரக்குத் தட்டுகளுக்கு ஏறத்தாழ 78. வேகம் கூடினால் பாட்டு விரைவதோடு சுருதியும் ஏறும். 6 விழுக்காடு கூடினால், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாகக் கேட்கும்.

கருவி எதுவுமில்லாமல் பார்க்கும் வழி எண்ணுவது. தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, 3 நிமிடத்தில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணவேண்டும். எல்.பி. வேகத்தில் சரியாக 100 வரவேண்டும். ஒரு சுற்று குறைந்தால் பிழை 1 விழுக்காடு. எண்ணும்போது ஊசி தட்டில் ஓடிக்கொண்டிருப்பது முக்கியம். ஊசியின் உராய்வு வேகத்தைச் சற்றே குறைக்கும் என்பதால், வெறுமனே சுற்றவிட்டுப் பார்ப்பது அரைச் சோதனைதான்.

இதைவிட நுட்பமானது ஸ்ட்ரோப் தட்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். அந்த வெளிச்சத்தில் 180 கோடுகள் அச்சிட்ட வட்டம் 33⅓ வேகத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். கோடுகள் சுழலும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் கூடுதல், பின்னோக்கி நகர்ந்தால் குறைவு. நொடிக்கு ஒரு கோடு நகர்ந்தால் பிழை 1 விழுக்காடு. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு அச்சிட்ட தட்டில் 216 கோடுகள் இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது உதவாது. இன்றைய எல்.இ.டி. பல்புகள் பலவும் மின்னாமல் சீராக எரிபவை, அவையும் பயன்படா. 45 சுற்றுக்கு 133⅓ கோடுகள் தேவை. கோட்டில் பின்னம் போட முடியாதே! ஆகவே 133 போடுகிறார்கள். அது நிற்கும்போது உண்மை வேகம் 45.11. காது இதைக் கண்டுபிடிக்காது.

கைபேசிச் செயலிகள் இரு வகை. ஒன்று, தட்டின்மேல் வைத்த கைபேசியின் சுழற்சியை அளக்கும். 33⅓ சுற்று என்பது நொடிக்கு 200 பாகை. கைபேசியின் உணரியே சற்றுப் பிசகக்கூடும், அதன் எடையும் ஊசியின் எடையும் ஒன்றல்ல. மற்றது, சோதனைத் தட்டிலுள்ள 3150 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டு அளக்கும். 3181 காட்டினால் வேகம் ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுதல். ஊசி ஓடும்போதே அளப்பதால் இதையே அதிகம் நம்பலாம்.

பிழை எப்போதும் ஒரே அளவாக இருந்தால், வேகத்தைத் திருத்தும் திருகைத் தொடலாம். நேரம் ஆக ஆக மாறினால் தளர்ந்த பெல்ட்டையும் அழுக்கேறிய கப்பியையும் எண்ணெய் வற்றிய அச்சையும் பார்க்கவேண்டும். சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்கினால், பெரும்பாலும் தட்டின் நடுத்துளை மையம் விலகியிருக்கிறது. 1 மி.மீ. விலகல், மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள பள்ளத்தில் 1 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். அந்தக் குறை தட்டினுடையது. டர்ன்டேபிளைத் திருகிப் பயனில்லை.