வாய்ப்பும் அனுமதியும்

கலைஞனைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி பயன்படுத்தும் சொல் 'வாய்ப்பு'. ஒருவனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை, இன்னொருவனுக்குக் கிடைத்தது, கிடைத்திருந்தால் இவனும் செய்திருப்பான் என்கிறோம். வாய்ப்பு என்பது யாரோ கொடுப்பது. கொடுக்கிறவர் ஒருவர் உண்டென்றால் மறுக்கிறவரும் அவரேதான். இந்த எளிய விஷயத்தை நம் விமர்சனம் பெரிதாக எடுத்துக் கொண்டதில்லை. நாடகக் கம்பெனிகளின் வரலாறு, நடிகர்களின் வரலாறு, பிரதிகளின் வரலாறு பற்றி நிறையப் பேசிவிட்டோம். மேடைக்கு அனுமதி கொடுத்தவர்கள், மறுத்தவர்கள், மறுக்கும் அதிகாரத்தையே கேள்வி கேட்டவர்கள் ஆகியோரின் வரலாறும் கலையின் வரலாறுதான் என்று எனக்குப் படுகிறது.

திருப்பூரில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஏற்றுமதி பில்கள் என் மேஜை வழியாகப் போகின்றன. பனியன் தொழில் இங்கு வேர் விட்டது 1920களில். கப்பலேறிப் போவது பெருகியது 1980களில். இந்த ஊரில் உரிமை பற்றித் தொழிற்சங்கங்கள் வெகு காலமாகப் பேசி வந்திருக்கின்றன. ஆனால் 'மனித உரிமை' என்ற சொல் கம்பெனி ஆபீஸுக்குள் நுழைந்தது வெளிநாட்டு பையரோடுதான். 1997ல் எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழ் வந்தது. 2013 ஏப்ரல் 24ல் டாக்கா அருகே ராணா பிளாஸா இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகு ஆடிட்டுகள் கடுமையாயின. உரிமை இங்கே சட்டம் போட்டு மாட்டிய காகிதமாயிற்று. கலையோ ஆண்டுக்கொரு புத்தகத் திருவிழா, ஒரு பரிசளிப்பு, எப்போதாவது ஒரு கலை இரவு. உரிமைக்காரரும் கலைஞரும் ஒரே தெருவில் நடந்தும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இவர்கள் எப்போதெல்லாம் சந்தித்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

*

1876ல் ஆங்கில சர்க்கார் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வங்காளத்தில் அவுரித் தோட்ட வெள்ளையரின் கொடுமையைக் காட்டிய 'நீல் தர்ப்பண்' போன்ற நாடகங்களும், வேல்ஸ் இளவரசரின் கல்கத்தா விஜயத்தைக் கேலி செய்த ஒரு பிரகசனமும் அதற்குக் காரணம். அவதூறானது, ராஜ விசுவாசத்துக்கு விரோதமானது, ஒழுக்கத்தைக் கெடுப்பது என்று அதிகாரிக்குத் தோன்றினால் நாடகத்தைத் தடை செய்யலாம். தோன்றினால் போதும்.

இந்தச் சட்டத்தின் நிழலில் நடந்ததுதான் நம் இசை நாடக மேடை. விஸ்வநாததாஸை எடுத்துக் கொள்வோம். 1886ல் சிவகாசியில் பிறந்தவர். நாவிதர் குலம் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. அவருக்கு இரண்டு அனுமதிகள் தேவைப்பட்டன என்று சொல்லலாம்: ஒன்று போலீஸிடமிருந்து, மற்றொன்று சாதியிடமிருந்து. வள்ளி திருமணத்துக்குத் தடை சொல்ல எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் காரணம் இல்லை. முருகன் கதை, பக்தி விஷயம். ஆனால் தினைப்புனத்தில் பறவை விரட்டும் இடம் வந்ததும் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு கிளம்பும். சபைக்குக் கொக்கு யாரென்று தெரியும். விங்கில் நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். மேடையில் ஏறுவதும் மேடையிலிருந்தே சிறைக்குப் போவதும் அவருக்குப் பழக்கமாயின. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் அதே வள்ளி திருமணத்தில், மயில் மேல் அமர்ந்த முருகனாக, மேடையிலேயே உயிர் விட்டார்.

தேசியம், தியாகம் என்ற கணக்கில் விஸ்வநாததாஸை நாம் வரவு வைத்து விட்டோம். வடிவம் பற்றிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. அனுமதி பெற்ற பிரதிக்குள் அனுமதி பெறாத பாட்டைக் கொண்டு வருவது ஒரு உத்தி. பழைய கதை, எல்லோருக்கும் தெரிந்த காட்சி, நடுவில் ஒரு விரிசல். பின்னால் நாம் மேல்நாட்டு நாடகங்களைப் படித்து வியந்த விஷயம், இங்கே தடைச் சட்டத்தின் நெருக்கடியில் தானாகப் பிறந்திருந்தது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதே காலத்தின் இன்னொரு நிகழ்ச்சி தெரியும். 1932 ஜனவரி 10ல் குமரன் கொடியோடு போன ஊர்வலம் யாரிடமும் அனுமதி பெற்றதல்ல. மறுநாள் அவர் இறந்தார். இன்று அவர் பெயரில் இருக்கும் ரோட்டில் ஒரு தெருக்கூட்டம் போட வேண்டுமென்றால் போலீஸ் அனுமதிக் கடிதம் வேண்டும்.

*

இந்தியாவில் சிவில் உரிமைக்கென்று ஒரு அகில இந்திய ஸ்தாபனம் 1936ல் நேருவின் முயற்சியில் உருவானபோது அதன் கௌரவத் தலைவராக ரவீந்திரநாத் தாகூரும், செயல் தலைவராக சரோஜினி நாயுடுவும் இருந்தார்கள். இருவரும் கவிஞர்கள். பெயருக்காகச் சேர்த்தார்கள் என்று சொல்லலாம், இருக்கலாம். ஆனால் விசாரணையில்லாமல் சிறை வைப்பதும் புத்தகத்தைத் தடை செய்வதும் ஒரே கையின் இரண்டு காரியங்கள் என்பது அந்தத் தலைமுறைக்குச் சொல்லாமலே விளங்கியிருந்தது. தாகூருக்கு அப்போது 75 வயது.

40 ஆண்டுகள் கழித்து, நெருக்கடி நிலையின் நடுவே, 1976ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு மே மாதம் ஸ்நேகலதா ரெட்டி கைதானார். சென்னையின் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1970ல் வந்த 'சம்ஸ்காரா' படத்தில் நடித்தவர். ஆஸ்துமாவோடு பெங்களூர் சிறையில் எட்டு மாதம் இருந்தார். 1977 ஜனவரி 15ல் பரோலில் விட்டார்கள். 20ந் தேதி இறந்தார். நவீன நாடகம் என்றவுடன் 1977க்குப் பின் வந்த பட்டறைகளையும் குழுக்களையும் எண்ணுகிறோம். அந்த ஆண்டின் ஜனவரியில் ஒரு நாடகக் கலைஞர் சிறையின் விளைவாகச் செத்ததை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

*

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது, பேச்சுரிமை 19வது ஷரத்தில் எழுதப்பட்டது. 1954ல் சென்னை ராஜ்யம் தனக்கென்று ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. எம்.ஆர். ராதா ராமாயணத்தைத் தலைகீழாக மேடையேற்றிக் கொண்டிருந்த ஆண்டு அது. வெள்ளையன் 1876ல் போட்ட சட்டத்தின் ஆத்மா கதர்ச் சட்டை போட்டுக் கொண்டு வந்தது. பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டு, ஆட்சேபமில்லை என்று அவர் சொன்னால் நடி.

1967ல் தி.மு.க. பதவிக்கு வந்தது. அந்த இயக்கம் நாடகக் கொட்டகையில் வளர்ந்தது என்பதை அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். அண்ணாதுரை நாடகாசிரியர், நடித்தவர். கருணாநிதி நாடகாசிரியர். பின் வந்த எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா நடிகர்கள். இத்தனை கலைஞர்கள் ஆண்ட ராஜ்யம் உலகத்தில் வேறு உண்டா தெரியாது. இவர்களில் ஒருவரும் 1954ம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து எறியவில்லை. மேடை தங்கள் கைக்கு வந்தபின், மேடைக்கான அனுமதியும் தங்கள் கையில் இருப்பதில் அவர்களுக்கு அசௌகரியம் எதுவும் தோன்றவில்லை. கலைஞன் அதிகாரத்துக்கு வந்துவிட்டால் கலைக்குச் சுதந்திரம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த 46 ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும்.

சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஞாநி. 1978ல் தொடங்கிய 'பரீக்ஷா' குழுவின் ஞாநி. சில நூறு பேர் பார்த்தால் அதிகம் என்ற நாடகக் குழு அது. வேஷத்துக்கும் ஸெட்டுக்கும் காசில்லாத குழு. 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. 1876ம் ஆண்டின் மூலச் சட்டத்தை மத்திய அரசு 2018ல்தான் ரத்து செய்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஞாநி காலமானார். பரீக்ஷாவின் நாடகங்கள் கலை ரீதியாக எந்த அளவுக்குத் தேறும் என்பது பற்றி நமக்குள் வேறுபாடுகள் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் அந்த நாடகங்களை ஒப்புக் கொள்ளாதவனும் இனிப் போடப் போகும் நாடகம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

*

திருச்செங்கோடு எங்களுக்குப் பக்கம். விசைத்தறியும் ரிக் வண்டியும் நிறைந்த ஊர். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வந்தது. டாட்டா அறக்கட்டளையின் நிதியுதவியில் அந்த வட்டாரத்தை ஆராய்ந்ததிலிருந்து விளைந்த நாவல். நாலு வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 9ல் கடையடைப்பு. 12ந் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் 'சமாதானப் பேச்சு'. நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குதல், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுதல் என்று எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துப் போனான் என்று அவர் அறிவித்தது அதற்குப் பிறகு.

இங்கே இரண்டு விஷயங்கள். ஒன்று, எழுத்தாளனுக்குக் கிடைத்த உதவித் தொகையே அவன் மீது குற்றச்சாட்டாகத் திரும்பியது: காசு வாங்கிக் கொண்டு ஊரைக் கேவலப்படுத்தினான் என்று. வாய்ப்பு என்பதன் சுபாவம் இது. அது உரிமையாக இல்லாதவரை எப்போது வேண்டுமானாலும் கைக்கூலி என்று பெயர் மாறும். இரண்டு, புத்தகத்தைத் தடை செய்யும் உத்தரவு எங்கும் போடப்படவில்லை. சட்டம் அந்த அறைக்குள் வரவே இல்லை. மேஜை, நாற்காலி, அதிகாரி, ஊர்ப் பெரியவர்கள், வெளியே கூட்டம். நம் ஊர்களில் வரப்புத் தகராறையும் வேறு சாதியில் கல்யாணம் செய்து கொண்ட பெண்ணின் விஷயத்தையும் தீர்ப்பது இப்படித்தான். இலக்கியத்தையும் அப்படித் தீர்த்தார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், மனுதாரர் ச. தமிழ்ச்செல்வன். 2016 ஜூலை 5ல் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வு, அந்தக் கையெழுத்து ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றது. எழுதுவதற்குத் திரும்பும்படி அவரைக் கேட்டுக் கொண்டது. 1975ல் மதுரையில் தொடங்கிய அந்தச் சங்கத்தின் இலக்கியக் கொள்கையை நாம் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறோம்! பிரச்சாரம், கோஷம், தட்டையான யதார்த்தம். அந்தக் கிண்டலில் பாதிக்கு மேல் நியாயம் உண்டு என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் வக்காலத்தில் கையெழுத்திட ஆள் வேண்டியிருந்தபோது போனவர்கள் அவர்கள்.

இது தற்செயல் இல்லை. எழுத்தாளன் தனி மனிதன், அவன் பிரக்ஞை தனியானது என்று நம் சிறு பத்திரிகை மரபு சொல்லி வந்தது. அந்த நிலையை ஸ்தாபனங்களுக்கு எதிராக எடுத்தோம். அன்றைக்கு அது தேவையாயிருந்தது. 1959ல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அந்த அனுபவம் 'சுதந்திர தாக'மாகப் புத்தக உருவம் பெற 1997 ஆயிற்று. சிறையையும் விமர்சனத்தையும் ஒரே மனிதர் வாழ்ந்தார். அவருடைய வாரிசுகளான நாம் விமர்சனத்தை மட்டும் எடுத்துக் கொண்டோம். தனி மனிதனுக்குத் தனி அறை வேண்டும் என்றோம். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுக்கும் வேலையை நாம் மதிக்காதவர்களிடம் விட்டோம்.

*

திரும்பவும் என் ஊருக்கு வருகிறேன். 1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நவீன தமிழ்க் கவிதையில் அந்தியும் அறையும் தனிமையும் வந்த அளவுக்கு அந்த 127 நாள் வந்ததா என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும். 1998ல் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' வந்தது. நொய்யலில் ஓடிய சாயத் தண்ணீரை நாவலுக்குள் கொண்டு வந்த புத்தகம். அதே தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கிணறுகளைக் கெடுத்ததற்காக நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நாவலால் பட்டறை மூடப்படவில்லை; மனுவால் மூடப்பட்டது. ஆனால் மூடிய பிறகு வேலையிழந்தவனின் வீட்டில் என்ன நடந்தது, நிறமில்லாத தண்ணீரைப் பார்த்து அவன் என்ன நினைத்தான் என்பதை மனுவில் எழுத இடமில்லை. அந்த இடம் நாவலுக்கு உரியது. ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று பதிலாகாது. இரண்டும் ஒரே சாட்சியத்தின் பகுதிகள்.

கடைசியாக ஒன்று. இந்த வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று இருந்தது. தென் மாவட்டங்களிலிருந்து இளம் பெண்களை மூன்று வருஷத்துக்கு அழைத்து வருவார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி. முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை. வெளியே போக, வீட்டாரைப் பார்க்க, போனில் பேச எல்லாவற்றுக்கும் வார்டனின் அனுமதி. 2011ல் சர்வதேச அறிக்கைகள் வந்து பையர்கள் முகம் சுளித்த பின் பெயர் மறைந்தது, விடுதிகள் மறையவில்லை.

இங்கே ஒரு கலை இரவு நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம். போலீஸ் அனுமதி கிடைத்துவிட்டது, மைக் செட் வந்துவிட்டது, நல்ல நாடகம், நல்ல கவிஞர்கள். யாரைப் பற்றிய நாடகமோ அந்தப் பெண் விடுதிக்குள் இருக்கிறாள். அவளுக்கு கேட் பாஸ் இல்லை. கலைஞனுக்கு மேடை கிடைத்ததை வாய்ப்பு என்று நாம் எழுதுவோம். பார்வையாளர் வரிசையில் அவளுடைய இடம் காலியாக இருந்ததை எந்த விமர்சகன் எழுதுவான்? 1876லிருந்து கலைஞன் வாங்கி வந்த அனுமதியும் அவள் வாங்க வேண்டியிருக்கிற கேட் பாஸும் ஒரே சாவடியில் கொடுக்கப்படும் சீட்டுகள்தான். அவனுடையதை மட்டும் ரத்து செய்யச் சொல்லி நாம் கேட்டுக் கொண்டிருக்கும் வரை, அதுவும் முழுசாக ரத்தாகாது.