மொறிஸ் மைனரின் எரிபொருள் குழாய்

கல்முனை, சாய்ந்தமருது வீதிகளில் மொறிஸ் மைனர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்ட நேர்ந்தது. அந்தத் திருத்துந் திறமை வீணாகவில்லை. 1990களில் இலங்கையிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. வரலாறெழுதுவோர் இதைப் பெரிதுபடுத்தவில்லை என்பது என் மனக்குறை.

1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் அன்றைய மொறிஸ் மைனருக்கும் எஞ்சின் ஒன்றே: 948 சிசி 'ஏ' வரிசை. அதில் காபரேற்றரும் புகைபோக்கும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்தவை. காபரேற்றருக்கு வரும் றப்பர் குழாய் வெடித்தால் பெற்றோல் சொட்டுவது கொதிக்கும் இரும்பின் மேல்தான். கார் பற்றியெரிய வேறென்ன வேண்டும்?

எங்கள் கரையோரத்து உப்புக் காற்று, காரின் அடியில் ஓடும் உலோகக் குழாயை வெளியிலிருந்து அரிக்கும். றப்பரோ வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் இறுகி வெடிக்கும். பிரித்தானியாவில் புதிய எதிரி ஒன்று சேர்ந்திருக்கிறது. 2021 செப்ரெம்பர் முதல் அங்கே சாதாரண பெற்றோலில் பத்து வீதம்வரை எதனோல் கலக்கப்படுகிறது. பழைய றப்பரை அது ஊதவைத்துச் சிதைக்கும். சிதைந்த துகள்கள் காபரேற்றரை அடைக்கும். அங்கே பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் கிளிப்பை இறுக்கிவிட்டுத் திருப்திப்படக்கூடாது. குழாயையே மாற்றவேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்தும் கராஜ் வழக்கம் ஆபத்தானது. எதனோலைத் தாங்கும் 'ஆர்9' தரக் குழாய்களே பொருத்தமானவை.